நாற்று நிமிர்த்தும் பொடி

“உப்பு! நீ இந்த வீட்டுக்குள்ள கால் வெச்ச அன்னைக்கே உப்பும் உன் பின்னாடியே வந்துடுச்சு!”

“கடலோரத்துல பொறந்தா உடம்புல உப்பு பூத்துக்குமாம்மா? தினம் நீங்க ரெண்டு கிண்ணம் சூப்பு குடிக்கறீங்களே, அதுல போடற உப்பு எங்க ஊர்லேருந்துதான் வருது. அது மட்டும் இனிக்குதா?”

“கேட்டியா டொகியேசான், கேட்டியா? வாய் எப்படி நீளுது பாரு!”

டொகியே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கேட்பதற்காகத்தான் வந்திருந்தாள். கையில் ஒரு கிண்ணம் முள்ளங்கி ஊறுகாய். பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்தால் சும்மா கைவீசிக்கொண்டு போய் நிற்பது நாகரிகம் இல்லை அல்லவா? ஊறுகாய் கொடுக்கப் போனேன், காதில் விழுந்துவிட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். ஹிரானுமா ஊரில் பெண்களுக்கு முடி வெட்டி, சுருட்டி, சாயம் பூசும் ஒரே கடை அவளுடையது. அந்தக் கடைக்குச் சரக்கு சாயம் மட்டும் இல்லை, சங்கதியும்தான்.

சண்டை நடந்த இடம் கன்னோ வீட்டு நாற்றுக் கொட்டகை. பிளாஸ்டிக் தாள் போர்த்திய நீளக் கொட்டகைக்குள் தட்டுத் தட்டாக நெல் நாற்று. நாற்று என்று சொல்வது மரியாதைக்காக. கல்யாண விருந்தில் அரிசி மது அதிகமாகிவிட்ட மாமன்மார்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இந்த நாற்றை நடவு இயந்திரத்தில் ஏற்றினால் இயந்திரமே வெட்கப்பட்டு நின்றுவிடும்.

கத்தியவள் வீட்டுக்காரி மிட்சுயோ. பதில் கொடுத்தவள் போன இலையுதிர் காலத்தில் துறைமுகப் பட்டினத்திலிருந்து வந்த மருமகள் ஹருயோ. இருவருக்கும் நடுவே நின்று, ஒழுகாத தண்ணீர்க் குழாயை மும்முரமாகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் மிட்சுயோவின் மகன், ஹருயோவின் கணவன், கட்சுஜி. கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் குழாய் ரிப்பேரிலேயே இருக்கிறது.

“சென்செய் சொல்லிட்டாரு,” என்றாள் மிட்சுயோ. “இந்த வீட்ல உப்பு நடமாடுதாம். மறு விதைப்புக்கு முன்னாடி இவ பொறந்த வீட்டுக்குப் போயாகணும். பை கட்டியாச்சு.”

பை வாசலில் இருந்தது. ஹருயோ கட்டவில்லை. மாமியாரே கட்டியிருந்தாள், மடிப்புக் கலையாமல். போனால் நடவுக்குப் பிறகு திரும்ப அழைத்துக்கொள்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் நாற்றுப் பருவத்தில் திருப்பி அனுப்பப்பட்ட மருமகள் அறுவடைக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சென்செய், அதாவது குருநாதர், யார் என்று சொல்லிவிட வேண்டும். அவர் பெயர் ஹகுவுன். வெள்ளை அங்கி, வெள்ளைக் காலுறை, தோள்வரை வழியும் பால்வெள்ளை முடி. பனிமலை உச்சியில் வயல் தேவதை அவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்ததாம். அந்த ஒரே இரவில் முடி முழுக்க வெளுத்துவிட்டதாம். தேவதை ஏன் உட்கார வேறு இடம் பார்க்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

முந்தைய வருஷம் கோடையே வரவில்லை. கடல் பக்கமிருந்து குளிர்காற்று ஊதிக்கொண்டே இருந்தது. கதிர் வந்தது, மணி வரவில்லை. வந்த மணியையும் குலைநோய் தின்றது. குளிர்காலம் முழுக்க ஊர் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தது. வேளாண் ஆலோசகர் ஒனோதெரா என்கிற கண்ணாடிக்கார இளைஞர் கூட்டம் போட்டுக் காரணம் சொன்னார். குளிர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நெல்லுக்குச் சிலிக்கான் வேண்டும். மணலிலும் கல்லிலும் இருக்கிற அதே சரக்குதான். அதை உறிஞ்சித்தான் நெல் தன் தண்டுக்கும் இலைக்கும் கவசம் போட்டுக்கொள்கிறது. கவசம் இருந்தால் நாற்று நிமிரும், நோய் எளிதில் உள்ளே போகாது. வைக்கோலை விற்றுவிட்டோம், உமியை நெல் உலர்த்தும் நிலையத்தில் விட்டுவிட்டோம், கடையில் வாங்கிய மண்ணில் நாற்று விடுகிறோம். நெல்லுக்குக் கவசம் எங்கிருந்து வரும்? இதைச் சொல்லிப் படம் போட்டுக் காட்டுவதற்காக விளக்கை அணைத்தார். இருட்டில் ஊர் நன்றாகத் தூங்கியது.

ஊருக்குக் காரணம் பிடிக்கவில்லை. காரணத்தைத் திட்ட முடியாது. திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்தச் சமயம் பார்த்து சென்செய் வந்தார்.

அவர் விற்றது பொடி. தேவதை மிதித்த கல்லின் பொடி, பட்டுப்பையில். விதைப்பதற்கு முன் நாற்று மண்ணில் கலக்க வேண்டும், பிறகு அவர் வந்து பிரார்த்தனை செய்வார். விடிகாலையில் இலை நுனியில் ஒரு துளி நீர் நின்றால் தேவதை ஆனந்தக் கண்ணீர் விட்டது என்று பொருள். துளி இல்லாமல் நாற்று சாய்ந்தால் வீட்டில் குற்றம் இருக்கிறது என்று பொருள். நல்ல நாற்றின் நுனியில் விடிகாலை நீர் கோப்பது சென்செய் பிறப்பதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. ஆனால் அப்போது அதற்குக் காணிக்கை இல்லை.

கூட்டம் என்றால் கூட்டம். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். கூட்டுறவுச் சங்கத் தலைவர் வரிசையில் நின்றார். பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார், யாருக்கும் அடையாளம் தெரியாதாம். டொகியேயும் போனாள், பக்தியோடு அல்ல, பார்வையோடு. எல்லோரும் சென்செய்யின் காலைப் பார்த்துக் கும்பிட்டபோது அவள் மண்டையைப் பார்த்தாள். தொழில் பழக்கம். வகிட்டின் ஓரத்தில், வெள்ளை முடியின் அடி வேர் கறுகறுவென்று முளைத்துக்கொண்டிருந்தது. மலை உச்சியில் வெளுத்த முடி என்று அவர் சொன்னார். கடையில் வெளுத்த முடி என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அடுத்தவர் வேரை வெளியே சொல்கிறவள் முடிக்கடை நடத்த முடியாது.

அவளைக் குழப்பியது வேறு. பொடி போட்ட வீடுகளில் நாற்று நிஜமாகவே நிமிர்ந்தது. முழுப் பொய்யாக இருந்தால் பிடிப்பது சுலபம். பாதி மெய்யைக் கலந்து விற்கிறவனைத்தான் பிடிக்க முடியாது. அப்படியானால் கன்னோ வீட்டில் மட்டும் ஏன் சாய்ந்தது?

“நீங்க பொடி வாங்கலியா மிட்சுயோசான்?” என்று கேட்டாள், ஊறுகாய்க் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே.

“வாங்காம? இருக்கறதுலயே ஒசத்தியான பை. தங்கச் சரிகை.”

“மண்ணுல கலந்தீங்களா?”

மிட்சுயோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “தேவதை மிதிச்ச பொடி. அதைக் கொண்டுபோய் மண்ணுல கொட்டுவாங்களா? சாமி மாடத்துல வெச்சிருக்கேன். பையைக்கூடப் பிரிக்கல. தினம் அரிசி, தண்ணி, உப்பு வெச்சுக் கும்பிடறேன்.”

“உப்பு?”

“சாமிக்கு வெக்கற உப்பு வேற!”

ஹருயோ சிரிப்பை அடக்கத் தண்ணீர்ப் பூவாளிக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள்.

“சென்செய் கிட்ட இதைச் சொன்னீங்களா?” என்றாள் டொகியே.

“சொன்னேனே. மாடத்துலதான் இருக்கு, பத்திரமான்னு. அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு, மருமக எந்த ஊருன்னு கேட்டாரு. துறைமுகம்னேன். ‘ம்ம்’ன்னாரு.”

அந்த ‘ம்ம்’தான் வாசலில் பையாக உட்கார்ந்திருந்தது. அம்மா, பொடிப்பையைப் பிரித்து மண்ணில் போடு என்று சென்செய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை செய்வது பொடி என்று ஆகிவிடும். அவர் எதற்கு?

அன்று பிற்பகல் டொகியேயின் கடைக்கு கிகுயே வந்தாள், முடி சுருட்டிக்கொள்ள. நெல் உலர்த்தும் நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஊரெல்லாம் நெல்லை அங்கே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அரிசியாக வாங்கி வருவதால், உமி முழுக்க நிலையத்தின் பின்னால் மலையாகக் கிடக்கும்.

“இப்ப அவ்வளவு இல்லக்கா,” என்றாள் கிகுயே, சூட்டு மூடிக்கு அடியிலிருந்து கத்தி. “ஒருத்தர் சின்ன லாரில வந்து அள்ளிட்டுப் போறார். ரொம்ப மரியாதையான மனுஷன். தலகாணி தைக்கறாராம். ஒரு ஆளுக்கு எத்தனை தலகாணிக்கா வேணும்?”

“முடி எப்படி?” என்று கேட்டாள் டொகியே.

“தொப்பி போட்டிருப்பாரு. ஓரத்துல வெள்ளை. அடியில மட்டும் கறுப்பு. ஏன்?”

“சும்மாதான். தலையை ஆட்டாதே, சுருள் கலைஞ்சிடும்.”

டொகியேவுக்கு உடனே ஒனோதெரா நினைவுக்கு வந்தார். ஊரே தூங்கிய அந்தப் பேச்சை அவள் மட்டும் முழுக்கக் கேட்டிருந்தாள். ஆண்கள் கடை மூடியிருந்த ஒரு நாள் அவளிடம் முடி வெட்டிக்கொள்ள வந்தவர், கத்தரி ஓடியவரை ஓயாமல் பேசினார். நெல் உறிஞ்சுகிற சிலிக்கான் நிறைய உமியில்தான் போய்ச் சேர்கிறது. உமியைக் கொழுந்துவிட்டு எரிய விடாமல் மெல்லப் புகைய வைத்துக் கருக்கினால், நாற்று அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். இயந்திரம் வந்தது, உமி நிலையத்துக்குப் போனது, பழக்கமும் கூடவே போனது.

மறுநாள் டொகியே மிட்சுயோவிடம் போனாள். இந்த முறை ஊறுகாய் இல்லை.

“நான் ஒருத்திக்கு முடி சுருட்டி விடறேன்னு வைங்க. மருந்தும் தடவறேன், பாட்டும் பாடறேன். சுருள் விழுந்துச்சு. மருந்தாலயா, பாட்டாலயா?”

“இது என்ன கேள்வி? மருந்தாலதான்.”

“எப்படித் தெரியும்?”

“நீ பாட ஆரம்பிச்சா இருக்கற சுருளும் நிமிந்துடுமே.”

“சரி. ஆனா பாட்டு மட்டும் பாடி ஒரு தலை, மருந்து மட்டும் தடவி ஒரு தலை பாத்தா சந்தேகமில்லாம தெரிஞ்சிடும்ல? இங்கயும் அதே மாதிரி பாப்போம். மறு விதைப்புல பாதித் தட்டு நீங்க விதைங்க. பொடிப்பை மாடத்துலயே இருக்கட்டும், சென்செய் வந்து எவ்வளவு வேணா பிரார்த்தனை பண்ணட்டும். மீதித் தட்டு ஹருயோ விதைக்கட்டும், பிரார்த்தனை கிடையாது. அவ மண்ணுல என்ன கலக்கறான்னு பின்னாடி சொல்றேன். நாத்து வந்ததும் தட்டை எல்லாம் கலந்து வைப்போம். எதுல உப்புக் கை பட்டிருக்குன்னு சென்செய்யே காட்டட்டும்.”

“அவருக்குத் தெரியாமலா இருக்கும்?” என்றாள் மிட்சுயோ. அவள் நிஜமான பக்தை. நிஜமான பக்தைக்குச் சோதனை என்றால் பயம் இருப்பதில்லை. பயப்பட வேண்டியவர் வேறு ஆள்.

“அப்ப இவ போறதை அதுவரைக்கும் தள்ளி வைங்க.”

“தள்ளி வெக்கறேன். வாசல்ல இருக்கற பையைப் பிரிக்க மாட்டேன்.”

“நான் பிரிக்கச் சொல்லலியே,” என்றாள் ஹருயோ.

கிகுயே ஒரு மூட்டை உமி அனுப்பினாள். ஆற்றங்கரையில் பழைய தகர டின்னில் புகைபோக்கி செருகி ஹருயோ கருக்கினாள். மீனுக்குப் புகை போட்டு வளர்ந்தவளுக்குத் தீயை எங்கே அமுக்குவது என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கரி ஒரே சீராகக் கறுப்பாக வந்தது. அதைக் கலந்த மண்ணின்மேல் வெறும் மண்ணைத் தூவி மூடியதால் எல்லாத் தட்டும் வெளியே ஒன்றுபோலத் தெரிந்தது. தட்டுகளின் அடியில் அடையாளம் போட டொகியே சிவப்பு நகப்பூச்சு கொடுத்தாள். அதைப் பூசியவள் மிட்சுயோ. மருமகள் தட்டு ஒன்றுகூடத் தப்பிவிடக் கூடாதே என்று தன் கையாலேயே, ஒவ்வொன்றாக. சென்செய் வந்து கொட்டகையின் ஒரு பாதிக்கு மணி அடித்து, மந்திரம் சொல்லி, காணிக்கை வாங்கிக்கொண்டு போனார். அவர் தலை திரும்பியதும் தட்டுகளை மிட்சுயோவே இடம் மாற்றிக் கலந்து வைத்தாள்.

பிறகு எல்லாத் தட்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே வெயில். நாளாக ஆக டொகியே வேலி ஓரமாகப் போவது கூடியது. மிட்சுயோவின் பேச்சு குறைந்தது.

சென்செய் துளி பார்க்க வந்த விடிகாலையில் ஊரே கொட்டகை வாசலில் இருந்தது. அன்றுதான் ஹருயோவின் கணக்கும் தீர வேண்டிய நாள். கட்சுஜி வேனை ஓட்டிவந்து நிறுத்தியிருந்தான். பையை அதில் ஏற்றலாமா, கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

உள்ளே பாதித் தட்டுகளில் நாற்று பள்ளிக்கூட வரிசை மாதிரி நேராக நின்றது, நுனிக்கு நுனி ஒரு துளி. மீதித் தட்டுகளில் வழக்கம்போல மாமன்மார்கள்.

சென்செய் நிமிர்ந்த தட்டுகளின்மேல் கையை நீட்டினார்.

“இதோ. இங்கேதான் என் பிரார்த்தனை இறங்கியிருக்கு. தேவதை அழுதிருக்கா, பாருங்க.”

கூட்டம் குனிந்து கும்பிட்டது. அவர் சாய்ந்த தட்டுகளைத் தொடாமல் விரலை மட்டும் ஆட்டினார்.

“இது எல்லாம் உப்புக் கை. விதைச்சவ இந்த வீட்ல இருக்கற வரைக்கும் நெல் நிமிராது.”

மிட்சுயோ வாயைப் பொத்திக்கொண்டாள். கட்சுஜி பையை வேன் பக்கம் தூக்கினான்.

“சென்செய், நிச்சயமா?” என்றாள் டொகியே.

“மலை அசையும். என் வாக்கு அசையாது.”

“அப்ப மலையைக் கொஞ்சம் தூக்கிப் பாத்துடலாம். மிட்சுயோசான், நீங்களே தூக்குங்க.”

மிட்சுயோ நிமிர்ந்த நாற்றுத் தட்டு ஒன்றைத் தூக்கினாள். அடியில் சிவப்பு. அடுத்ததைத் தூக்கினாள். சிவப்பு. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, சிவப்பு. சாய்ந்த தட்டுகளைத் தூக்கினாள். வெறும் தட்டு.

“சிவப்பு யாரோடது?” என்றார் சங்கத் தலைவர், எதுவும் புரியாமல்.

சொல்ல வேண்டியவள் மிட்சுயோ. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“என் மருமகளோடது,” என்றாள். “நான்தான் பூசினேன். இந்த... சாஞ்சு கிடக்கறது எல்லாம் நான் விதைச்சது. சென்செய் மணி அடிச்சது.”

டொகியே மாடத்திலிருந்து தங்கச் சரிகைப் பையை எடுத்து வந்து அங்கேயே பிரித்தாள். கறுப்புத் தூள். நடுவே அரைகுறையாகக் கருகிய படகு வடிவத் தோல்கள். ஒனோதெரா ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துவிட்டு வாயைத் திறந்தார். மறுபடியும் விளக்கை அணைத்துவிடுவாரோ என்று பயந்து கிகுயே முந்திக்கொண்டாள்.

“இது எங்க நிலையத்து உமி! தலகாணிக்காரரே, நீங்களா!”

“அப்ப எங்க வீட்டு நாத்து நிமிந்துச்சே, அது எப்படி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“நீங்க பொடியை மண்ணுல போட்டீங்க. அதனால நிமிந்துச்சு,” என்றாள் டொகியே. “ஹருயோவும் அதே உமியைத்தான் போட்டா, மணி அடிக்காம. மணி மட்டும் அடிச்சது இதோ படுத்திருக்கு. போன வருஷம் நீங்க வேண்டாம்னு நிலையத்துல விட்டுட்டு வந்த உமி இது. அதைக் கருக்கிப் பட்டுப்பையில போட்டு உங்களுக்கே வித்திருக்கார். வரிசையில நின்னு வாங்கினீங்க.”

சென்செய் கையை உயர்த்தினார். “மூடர்களே! உமியிலும் தேவதை இருக்கா!”

“இருக்கட்டும் சென்செய். அங்க சும்மாவே அள்ளிட்டுப் போகலாம்.”

யாரோ ஒருவர் சிரித்தார். அறிவியல் ஆசிரியர்தான், இந்த முறை தொப்பி இல்லாமல். பிறகு ஊரே சிரித்தது. காணிக்கை கொடுத்தவர்கள்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தார்கள், தாங்கள் கொடுக்கவில்லை என்று தோன்றும்படி. சென்செய் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தபோது டொகியே கூடவே போய்க் காதோரம் மெல்லச் சொன்னாள்.

“வேர்ல கறுப்பு ரொம்பத் தெரியுது. வெள்ளிக்கிழமை கடை காலியாத்தான் இருக்கும்.”

அவர் வரவில்லை.

கட்சுஜி இன்னும் பையோடு நின்றுகொண்டிருந்தான். “அப்ப... இதைப் பிரிச்சுடலாமா?”

“வேண்டாம்,” என்றாள் ஹருயோ. “கட்டினது கட்டினபடியே இருக்கட்டும். என் நாத்தை நான் நட்டுக் கொடுத்துட்டுப் போறேன். உப்புன்னு அவங்க சொன்னாங்க, நீங்க குழாயைப் பாத்துட்டு நின்னீங்க. வர்றதா இருந்தா உங்க துணியையும் இதுலயே வைங்க.”

கட்சுஜி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பழுதைச் சரியாகப் பார்த்தான். துணியை எடுத்து வைத்தான். நடவு முடிந்ததும் இருவரும் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். அவன் இப்போது ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான்.

ஒனோதெராவுக்கும் கிகுயேவுக்கும் கல்யாணம் ஆயிற்று. அவர் பேச ஆரம்பித்தால் அவள் சுருக்கிச் சொல்லிவிடுவதால் இப்போது கூட்டங்களில் யாரும் தூங்குவதில்லை. ஹகுவுன் மலைக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் தோட்ட ஊரில் ஒரு விடுதிக்காரியைக் கட்டிக்கொண்டு, காய்க்குச் சிவப்பு ஏறப் பிரார்த்தனை செய்கிறார். முடி முழுக்கக் கறுப்பு. தேவதை ஒரே இரவில் கறுப்பாக்கிவிட்டாளாம். அங்கேயும் வரிசை நிற்கிறது. ஹிரானுமாவில் இப்போது எல்லோரும் உமியைக் கருக்குகிறார்கள். ஒரு வீட்டில் மட்டும் அதைச் சாமி மாடத்தில் வைத்திருப்பதாகக் கேள்வி. எந்த வீடு என்று டொகியே கண்டுபிடிக்காமல் இருக்கப்போவதில்லை.

மிட்சுயோ தனியாகத்தான் இருக்கிறாள். ஒவ்வொரு விதைப்புக்கும் டொகியேயின் கடைக்கு வந்து, அங்கிருக்கும் தொலைபேசியில் துறைமுகத்தைக் கூப்பிடுகிறாள். எவ்வளவு கரி போடட்டும் என்று கேட்கிறாள். ஹருயோவின் பதில், காதை நீட்டிக்கொண்டிருக்கும் டொகியேவுக்கும் கேட்கும்.

“ஒரு தட்டுல போடுங்க, ஒரு தட்டுல போடாதீங்க. அப்புறம் யாரையும் கேக்காதீங்கம்மா, என்னையும்தான். குனிஞ்சு நாத்தைப் பாருங்க.”

“கேட்டதுக்கு ஒரு பதில் சொல்றாளா பாரு, உப்புக்காரி,” என்று முணுமுணுத்துக்கொண்டே மிட்சுயோ போனை வைக்கிறாள். போய்க் குனிந்து பார்க்கவும் செய்கிறாள்.

நம்மிடமும் ஒரு பை இருக்கிறது, கழுத்துக்கு மேலே. பிரிக்காமல் பத்திரமாக வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் நாற்று நிமிராது.